வோவாவுஸ் கோத்த எழுத்துகள்

அமெரிக்க இலக்கியத்தின் தொடக்க காலம் – பகுதி 3

பிளிமத் குடியேற்றத்தின் தலைவர்களில் ஒருவரான எட்வர்டு வின்ஸ்லோ, 1624இல் லண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய பின் தாம் கண்டதையும் கேட்டதையும் அதில் எழுதியிருந்தார். வாம்பனோவாக் மக்களின் நாட்டில் நடைபாதைகளின் ஓரத்தில் வட்டமான குழிகள் இருந்தனவாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓரடி ஆழம், ஓரடி அகலம். குறிப்பிடத்தக்க ஏதேனும் நடந்த இடத்திலோ அதற்கு அருகிலுள்ள பாதையோரத்திலோ அப்படி ஒரு குழி தோண்டுவார்கள். அவ்வழியே போகிறவர் அதைப் பார்த்து, இது எதற்காக என்று கேட்பார். தெரிந்தவர் சொல்வார். கேட்டவர் அதை அடுத்தவருக்குச் சொல்வார். மண்ணும் சருகும் விழுந்து குழி தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது போவோர் வருவோர் எல்லோருடைய பொறுப்பு. பழைய நிகழ்ச்சிகள் இப்படித்தான் மறக்கப்படாமல் இருந்தன என்கிறார் வின்ஸ்லோ. வழிகாட்டியின் மொழி புரிந்தால் போதும், இந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டே நடப்பவருக்குப் பயணம் அலுக்காது என்றும் எழுதுகிறார்.

வின்ஸ்லோ வருவதற்குச் சற்று முன்னால், 1616க்கும் 1619க்கும் இடையில், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்தக் கடற்கரையைச் சூறையாடியிருந்தது. சில ஊர்களில் பத்தில் ஒன்பது பேர் மாண்டார்கள். பிளிமத் குடியேற்றம் எழுந்ததே பட்டுக்சட் என்ற ஊரின் மேல்தான். அந்த ஊரில் ஆளே மிஞ்சவில்லை. எத்தனையோ பாதைகளில் குழியைக் காக்கவும் ஆளில்லை, கதையைச் சொல்லவும் ஆளில்லை. அமெரிக்க இலக்கியத்தின் தொடக்கத்தைப் படிக்கப் புகுபவர் இந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். நமக்குக் கிடைத்திருப்பது மிச்சம்தான்.

கல்லூரிப் பாடநூல்கள் நெடுங்காலம் இந்தக் குழிகளைக் கண்டுகொள்ளவில்லை. வில்லியம் பிராட்ஃபோர்டின் பிளிமத் வரலாறு, ஜான் வின்த்ரோப்பின் நாட்குறிப்பு, ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள் என்று பியூரிட்டன்களிடமிருந்தே அவை தொடங்கின. பால் லாட்டரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1990இல் வெளிவந்த ஹீத் தொகைநூல், பூர்வகுடிகளின் வாய்மொழிப் படைப்புகளைத் தொடக்கத்திலேயே வைத்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனாலும் ஒரு குறை தங்கிவிட்டது. பூர்வகுடிகள் முதல் அத்தியாயத்தில் படைப்புக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கப்பல் வந்த பிறகு எழுதுவதும் அச்சிடுவதும் வெள்ளையர் மட்டுமே என்ற எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடும். வாய்மொழி ஒரு கூட்டத்தாருக்கு, ஏடு இன்னொரு கூட்டத்தாருக்கு என்று இப்படிப் பாகம் பிரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆங்கிலேய வட அமெரிக்காவின் முதல் அச்சகத்திலிருந்து வெளிவந்த மிகப் பெரிய நூலுக்கு எழுத்துக் கோத்தவர் நிப்மக் இனத்து இளைஞர் ஒருவர்.

பழமையைத் தேடும் ஆர்வம் ஏமாந்ததும் உண்டு. 1836இல் கான்ஸ்டன்டைன் ரஃபினெஸ்க் என்ற அறிஞர், லெனாப்பே மக்களின் தொன்மையான வரலாற்றுப் பாடல் என்று சொல்லி ‘வாலம் ஓலம்’ என்ற ஒன்றை வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாகப் படித்தவர்களே அதை நம்பினார்கள். அது ரஃபினெஸ்க் இட்டுக்கட்டியது என்பதை 1990களில்தான் டேவிட் ஓஸ்ட்ரைக்கர் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். ஆகவே எந்தப் படைப்பானாலும் யார் சொன்னது, யார் எழுதிக்கொண்டது, எந்த மொழியில், எந்த ஆண்டில் என்று கேட்டுத்தான் ஏற்க வேண்டும். பூர்வகுடிகளின் படைப்புகளுக்கு மட்டுமன்றிப் பியூரிட்டன் ஏடுகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அவற்றையும் அப்படிக் கேட்கத் தொடங்கினால் அச்சகத்தின் கதவு திறக்கிறது.

அந்த அச்சகம் 1638இல் வந்தது. அதை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஜோஸ் குளோவர் என்ற பாதிரியார் கடற்பயணத்திலேயே இறந்துபோனார். மனைவி எலிசபெத் கரையிறங்கி, பூட்டுத் தொழிலாளியான ஸ்டீபன் டேயைக் கொண்டு மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சுப்பொறியை நிறுத்தினார். ஓர் உறுதிமொழித் தாளும் ஒரு பஞ்சாங்கமும் முதலில் அச்சாயின. 1640இல் சங்கீதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1,700 படிகள் வந்தது. இன்று அதில் 11 படிகளே எஞ்சியிருக்கின்றன. 2013இல் ஒரு படி 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆங்கிலேய வட அமெரிக்காவின் முதல் அச்சக உரிமையாளர் ஒரு விதவைப் பெண் என்பதைப் பல வரலாறுகள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. நின்று சொல்ல வேண்டிய செய்தி அது.

பிற்பாடு அச்சகம் சாமுவேல் கிரீனின் பொறுப்புக்கு வந்தது. ஹார்வர்டு கல்லூரி வளாகத்தில் பூர்வகுடி மாணவர்களுக்கென்று எழுப்பப்பட்ட செங்கல் கட்டடத்தில் அது இயங்கியது. 1659இல் அங்கே ஓர் இளைஞர் தொழில் பழகச் சேர்ந்தார். இயற்பெயர் வோவாவுஸ். ஊர் ஹாசனமெசிட், இன்றைய கிராஃப்டன். நிப்மக் இனத்தில் மதிப்புள்ள குடும்பம். தந்தை கிறித்தவர், உடன்பிறந்தவர்களில் ஒருவர் ஊர்ப் போதகர். கேம்பிரிட்ஜ் பள்ளியில் ஆங்கிலம் படித்த வோவாவுஸை ஆங்கிலேயர்கள் ஜேம்ஸ் என்று அழைத்தார்கள். செய்த தொழில் பெயரோடு ஒட்டி ஜேம்ஸ் பிரிண்டர் ஆனார். தொழில் பழகும் ஒப்பந்தம் 16 ஆண்டுகளுக்கு.

அவர் வரும்போது அச்சகம் ஒரு பெருவேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ராக்ஸ்பரி ஊர்ப் போதகர் ஜான் எலியட், முழு விவிலியத்தையும் மாசச்சூசெட் மொழியில் கொண்டுவர முனைந்திருந்தார். எலியட்டின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தனியே செய்த உழைப்பு அல்ல அது. அவருக்கு அந்த மொழியை முதலில் சொல்லித்தந்த காக்கனோ, 1637இன் பீக்வட் போரில் சிறைப்பட்டு டார்செஸ்டரில் ஓர் ஆங்கிலேயர் வீட்டில் வேலைக்காரராக இருந்தவர். அவருக்குப் பிறகு ஜாப் நெசூட்டனும் ஜான் சாசமனும் உதவினார்கள். சாசமன் 1653 வாக்கில் சிறிது காலம் ஹார்வர்டில் படித்தவர். இவர்களுடைய வாயிலிருந்து வந்த மொழி எலியட்டின் கையெழுத்துத் தாள்களுக்குப் போய், அங்கிருந்து வோவாவுஸின் விரல்களுக்கு வந்தது.

அச்சுக்கோப்பது எளிய வேலையல்ல. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி ஈயத் துண்டு. அதில் எழுத்து இடவலம் மாறியிருக்கும். அறைகளாகத் தடுத்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி வரியாகக் கோத்து, பக்கமாகக் கட்டி, மை தடவி அழுத்தி எடுத்த பிறகு, எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். மாசச்சூசெட் மொழியில் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சொற்கள் மிக நீளமாக இருக்கும். அந்த மொழி தெரியாத ஒருவர் ஓரெழுத்தைத் தவறவிட்டால் தவறென்றே அவருக்குத் தெரியாது. வோவாவுஸுக்குத் தெரியும். 1661இல் புதிய ஏற்பாடும் 1663இல் முழு விவிலியமும் வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் விவிலியம் இதுதான். ஆங்கிலத்திலோ ஸ்பானிய மொழியிலோ அந்நிலத்தில் விவிலியம் அச்சாகும் முன்பே, அந்த மண்ணின் மொழியொன்றில் அச்சாகிவிட்டது.

மரக்கால்கள் நிறுத்தி மரப்பட்டை வேய்ந்த குடில்களில் வளர்ந்த பிள்ளைகள் அதே ஆண்டுகளில் லத்தீனும் கிரேக்கமும் படித்தார்கள். மார்த்தாஸ் வினியார்டு தீவைச் சேர்ந்த கேலப் சீஷாடோமக், 1663இல் லத்தீனில் எழுதிய மடல் ஒன்று கிடைத்திருக்கிறது. கல்லூரிக்குப் பொருளுதவி செய்தவர்களுக்கு எழுதிய அந்த மடலில் கிரேக்கத் தொன்மத்தின் இசைஞன் ஆர்ஃபியஸை எடுத்தாள்கிறார். 1665இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே காசநோயில் இறந்தார். உடன் படித்த ஜோயல் யாக்கூம்ஸ் பட்டமளிப்புக்கு முன் கப்பல் விபத்தில் மாண்டார். ஹார்வர்டு அவருக்கு 2011இல்தான் பட்டம் வழங்கியது. கேலபின் அந்த ஒற்றை மடல் அமெரிக்க இலக்கியப் பாடத்தில் இருக்க வேண்டிய ஏடு. பெரும்பாலான மாணவர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

எலியட்டின் முயற்சிக்கு இன்னொரு முகம் உண்டு. மதம் மாறியவர்களுக்கென்று அமைந்த ஜெப ஊர்கள் 1674க்குள் பதினான்கு ஆயின. முடி வெட்டுவதிலிருந்து திருமணம் வரை அங்கே ஆங்கிலேய ஒழுங்கு விதிக்கப்பட்டது. அந்த ஊர்களுக்கு வெளியே நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. பத்திரங்களில் கையொப்பமும் அடையாளக் குறியும் கூடக்கூட வாம்பனோவாக், நிப்மக், நாராகன்செட் மக்களின் நிலம் சுருங்கியது. விவிலியம் அச்சாவதும் நிலப்பத்திரம் எழுதப்படுவதும் ஒரே காலத்தில், சில இடங்களில் ஒரே எழுத்தரின் கையால் நடந்தன. சாசமனே அப்படிப்பட்ட எழுத்தர். வாம்பனோவாக் தலைவர் மெட்டகாமிடம் அவர் செயலராக இருந்தார். மெட்டகாமை ஆங்கிலேயர்கள் பிலிப் மன்னர் என்றழைத்தார்கள். மெட்டகாம் போருக்கு ஆயத்தமாகிறார் என்று பிளிமத் ஆளுநரிடம் சாசமன் எச்சரித்தார். சில நாட்களில், 1675 சனவரியில், உறைந்த ஏரியின் பனிக்கடியில் அவருடைய உடல் கிடந்தது. அந்தக் கொலைக்காக மூன்று வாம்பனோவாக்குகளுக்குப் பிளிமத் மரண தண்டனை விதித்து நிறைவேற்றிய ஜூன் மாதத்திலேயே போர் மூண்டது.

ஜேம்ஸ் பிரிண்டரின் 16 ஆண்டு ஒப்பந்தம் முடியும் ஆண்டும் அதுதான்.

ஆகஸ்டில் லங்காஸ்டர் ஊரில் ஒரு தாக்குதல் நடந்தது. சாமுவேல் மோஸ்லி என்ற படைத்தலைவர் ஜெப ஊர்களைச் சேர்ந்தவர்களைப் பிடித்து, கழுத்தில் கயிறு கட்டி பாஸ்டனுக்கு நடத்திக்கொண்டு போனார். குற்றஞ்சாட்டப்பட்ட 11 பேரில் ஜேம்ஸும் ஒருவர். தாக்குதல் நடந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஹாசனமெசிட்டில் வழிபாட்டில் இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். எலியட்டும் நீதிபதி டேனியல் கூகினும் அவர்களுக்காகப் பேசினார்கள். ஒருநாள் இரவு ஏறக்குறைய நாற்பது பேர் ஜேம்ஸ் ஆலிவர் என்ற படைத்தலைவரின் வாசலில் திரண்டு, சிறையை உடைத்துக் கைதி ஒருவரைத் தூக்கிலிடத் தலைமை தாங்கும்படி கேட்டார்கள். அவர் கைத்தடியை எடுத்து அவர்களை அடித்து விரட்டினார். ஜேம்ஸ் விடுதலையானார். ஆனால் பாஸ்டன் தெருக்களில் அதன் பிறகு அவருக்குப் பாதுகாப்பு இருந்திருக்காது.

அக்டோபர் இறுதியில் நேட்டிக் ஊரின் கிறித்தவப் பூர்வகுடிகளைப் படகேற்றி பாஸ்டன் துறைமுகத்தின் மான் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களும் பின்னர் அங்கே அனுப்பப்பட்டார்கள். சரியான கூரையோ உணவோ விறகோ இல்லாத அந்தக் குளிர்காலத்தில் பலர் இறந்தார்கள். நவம்பரில் மெட்டகாமின் தரப்பில் நின்ற நிப்மக் வீரர்கள் ஹாசனமெசிட் வந்தபோது அங்கே ஏறக்குறைய 200 பேர் சோள அறுவடையில் இருந்தார்கள். எங்களோடு வந்தால் சோளமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும். ஆங்கிலேயரிடம் போனால் உங்களையும் தீவுக்கு அனுப்புவார்கள் அல்லது அடிமையாக விற்பார்கள் என்றார்கள் வீரர்கள். அந்த 200 பேரும் அவர்களோடு போனார்கள். ஜேம்ஸும் அவருடைய தந்தையும் அவர்களில் இருந்தார்கள். இதையெல்லாம் கூகின் 1677இல் எழுதிவைத்தார். பூர்வகுடிக் கிறித்தவர்களின் துயரத்தைச் சொல்லும் அந்த நூல் அச்சேற 1836 ஆயிற்று. அவர்களுக்கு எதிரான நூல்கள் உடனுக்குடன் அச்சானபோது, அவர்களுக்காகப் பேசிய நூல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. தொடக்ககால அமெரிக்க இலக்கியத்தில் எது கிடைத்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எது எப்போது அச்சாக விடப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1676 பிப்ரவரி 21 அன்று மெட்ஃபீல்டு ஊர் தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் திரும்பும் வழியில் பாலத்தருகே ஒரு தாளை விட்டுச் சென்றார்கள். ஆங்கிலத்தில் எழுதிய சில வரிகள்தான். நீங்கள் எங்களுக்குச் சினமூட்டினீர்கள், வேண்டுமானால் இருபத்தோராண்டு போரிடுவோம், எங்களுக்கு இழக்க உயிரைத் தவிர ஒன்றுமில்லை, உங்களுக்கோ நல்ல வீடுகளும் கால்நடைகளும் இருக்கின்றன என்பது அதன் சாரம். கையொப்பம் இல்லை. எழுதியவர் ஜேம்ஸ் பிரிண்டராக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். யார் எழுதியிருந்தாலும், ஆங்கிலேயர் நடத்திய பள்ளியில் கற்ற ஆங்கிலம் ஆங்கிலேயரைப் பார்த்துத் திரும்பிப் பேசுகிறது. மாசச்சூசெட்ஸின் எந்தப் பிரசங்கத்துக்கும் குறையாத செறிவு அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

அதற்குச் சில நாட்கள் முன்னால், பிப்ரவரி 10 அன்று, லங்காஸ்டர் மறுபடி தாக்கப்பட்டிருந்தது. ஊர்ப் போதகர் ஜோசஃப் ரோலண்ட்சன் உதவி கேட்டு பாஸ்டனுக்குப் போயிருந்தார். அவருடைய வீட்டில் அடைக்கலம் புகுந்த 37 பேரில் ஒருவர் மட்டுமே தப்பினார். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். போதகரின் மனைவி மேரி, குண்டடிபட்ட ஆறு வயது மகள் சாராவைக் கையில் ஏந்திக்கொண்டு பனியில் நடந்தார். ஒன்பதாம் நாள் சாரா இறந்தாள். மேரி பதினோரு வாரம் சிறையில் இருந்தார். காட்டு வழியே கனெக்டிகட் ஆற்றைக் கடந்து வடக்கே போய்த் திரும்பிய அந்தப் பயணத்தை, பிற்பாடு எழுதிய நூலில் இருபது இடப்பெயர்வுகளாகப் பகுத்துச் சொல்கிறார்.

அந்த நூலின் வலிமை அதன் ஒளிவுமறைவின்மையில் இருக்கிறது. பூர்வகுடிகளை ஏசுவதற்கு மேரி தயங்கவே இல்லை. விவிலிய வசனம் இல்லாத பக்கம் அரிது. ஆனாலும் பசி வந்தபோது தாம் என்ன செய்தார் என்பதை மறைக்கவில்லை. சிறைப்பட்டிருந்த ஓர் ஆங்கிலேயக் குழந்தையால் மெல்ல முடியாத குதிரைக் குளம்பை அதன் கையிலிருந்து வாங்கித் தாமே தின்றதைச் சொல்கிறார். மெட்டகாமின் மகனுக்குச் சட்டை தைத்து ஒரு ஷில்லிங் கூலி பெற்றதையும், மெட்டகாம் தமக்கு உணவளித்ததையும், கொள்ளையில் கிடைத்த விவிலியம் ஒன்றை ஒரு வீரர் தமக்குத் தந்ததையும் சொல்கிறார். அவர் வெறுப்போடு விவரிப்பவர்கள் அவருக்கு உணவு தருகிறார்கள், குடிலில் இடம் தருகிறார்கள். வெறுப்பும் நன்றியும் ஒன்றையொன்று ஒதுக்கித் தள்ளாமல் ஒரே பத்தியில் வருகின்றன.

அவர் பார்க்கத் தவறியதும் நூலில் இருக்கிறது. பொக்காசட் மக்களின் பெண் தலைவர் வீட்டமூவின் குடிலில் அவர் வேலைக்காரியாக இருந்தார். வீட்டமூ கர்வக்காரி என்றும், நாள்தோறும் அலங்காரத்திலேயே பொழுதைக் கழிப்பவர் என்றும், வாம்பம் மணிகளால் கச்சைகள் பின்னுவதே அவருடைய வேலை என்றும் எழுதுகிறார். சிப்பியிலிருந்து செய்த அந்த மணிகளைக் கோத்த கச்சைகள் வெறும் அணியல்ல. உடன்படிக்கை செய்யவும், தூது அனுப்பவும், இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஆறுதல் சொல்லவும் வடகிழக்கு மக்கள் அவற்றைக் கைமாற்றினார்கள். எந்தக் கச்சை எந்த வாக்குறுதியைச் சுமக்கிறது என்று நினைவில் வைத்து எடுத்துச் சொல்பவர்கள் இருந்தார்கள். போரின் நடுவில் ஒரு தலைவர் கூட்டணிக்கு வேண்டிய ஆவணங்களைத் தம் கையால் செய்துகொண்டிருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் நூலாசிரியர் அதை ஒப்பனை என்று நினைக்கிறார். அபெனாக்கி இனத்தைச் சேர்ந்த அறிஞர் லிசா புரூக்ஸ் 2018இல் வெளியிட்ட வரலாற்று நூலில் வீட்டமூவையும் ஜேம்ஸ் பிரிண்டரையும் நடுவில் நிறுத்தி இந்தப் போரை மறுபடி எழுதினார். மேரியின் நூலைத் தூக்கி எறியாமல், அதை வைத்தே வீட்டமூவை மீட்டெடுத்தது அவருடைய வாசிப்பின் சிறப்பு.

சிறைமீட்புப் பேச்சு ஏப்ரலில் தொடங்கியது. ஆங்கிலேயர் தரப்பில் தூது போனவர்கள் மான் தீவில் அடைபட்டிருந்த இரண்டு கிறித்தவப் பூர்வகுடிகள். எதிர்த் தரப்பில் மடல் எழுதுபவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரிண்டர். போதகருக்கு மனைவி உயிரோடிருப்பதையும், ஒரு பிள்ளை மட்டும் இறந்துவிட்டதையும், மற்றக் குடும்பங்களின் நிலையையும் தெரிவிக்கும் மடல் அவர் கையால் போனது. இருபது பவுன் கொடுத்த பிறகு மே 2 அன்று மேரி விடுதலையானார். அவர் ஒப்படைக்கப்பட்ட பாறை இன்றைய பிரின்ஸ்டன் ஊரில் இருக்கிறது. ஆகஸ்டில் வீட்டமூ ஆற்றில் மூழ்கி இறந்தார்; மெட்டகாம் சுட்டுக்கொல்லப்பட்டார். இருவருடைய தலைகளும் கம்பத்தில் ஏற்றப்பட்டன. மேரி சட்டை தைத்துக் கொடுத்த சிறுவனை அடிமையாக விற்றார்கள்.

கோடையில் மன்னிப்பு அறிவிப்பு வந்ததும் ஜேம்ஸ் திரும்பி வந்து, கிரீனின் அச்சகத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்.

1682இல் மேரி ரோலண்ட்சனின் நூல் பாஸ்டனில் வெளிவந்தது. முதற்பதிப்பு எவ்வளவு வேகமாகத் தீர்ந்ததென்றால், இன்று அதில் சில தாள்களே கிடைத்திருக்கின்றன. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் அது மறுபடி அச்சானது. கேம்பிரிட்ஜ் பதிப்புக்கு எழுத்துக் கோத்தவர் ஜேம்ஸ் பிரிண்டர் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஜெப ஊர்க்காரர்களை மேரி கசப்போடு சாடும் வரிகளையும், சிறைமீட்பு மடல்கள் பற்றிய பக்கங்களையும் எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவர் அந்த மடல்களை எழுதியவரே. மேரியின் நூலை ஒரு பெண்ணின் சாட்சியமாகப் படிப்பவர்களும், பியூரிட்டன் இறைநம்பிக்கையின் ஆவணமாகப் படிப்பவர்களும் தவறு செய்யவில்லை. ஆனால் அந்தப் பக்கங்கள் ஒரு நிப்மக்கின் கை வழியே வந்தவை என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த நூல் முழுதாக விளங்கும். மேரியின் பிற்கால வாழ்வும் இப்படி மறைந்தே கிடந்தது. நூல் வந்த சிறிது காலத்தில் அவர் இறந்திருப்பார் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். மறுமணம் செய்துகொண்டு கனெக்டிகட்டில் 1711 வரை வாழ்ந்தார் என்பது 1980களில்தான் தெரிய வந்தது.

போரில் எலியட்டின் விவிலியப் படிகள் பெருமளவில் அழிந்துபோயின. இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது. முதிர்ந்த வயதில் எலியட், அறிவியலாளரும் நிதி உதவிய நிறுவனத்தின் தலைவருமான ராபர்ட் பாயிலுக்கு 1683இல் எழுதிய மடலில், தாள்களைக் கோக்கவும் பொருள் அறிந்து மெய்ப்புத் திருத்தவும் தம்மிடம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் அந்தப் பூர்வகுடி அச்சாளர் என்று ஒப்புக்கொண்டார். 1685இல் அந்தப் பதிப்பு முடிந்தது. 1709இல் எக்ஸ்பீரியன்ஸ் மேஹியூ மொழிபெயர்த்த சங்கீதங்களும் யோவான் நற்செய்தியும் பாஸ்டனில் அச்சானபோது, முகப்புப் பக்கத்தில் பார்த்தலோமியூ கிரீனின் பெயரோடு ஜே. பிரிண்டர் என்ற பெயரும் வந்தது. அச்சகத்தில் காலடி வைத்து அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாஸ்டனுக்கும் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இடையே ஒரு தொடர்பு ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, அழகப்பன் முதலானோரிடம் தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். செய்தி அறிந்த பாஸ்டன் போதகர் காட்டன் மேதர், 1717 இறுதியில் சீகன்பால்குக்கு லத்தீனில் மடல் எழுதினார். மாசச்சூசெட்ஸ் பூர்வகுடிகளிடையே நடந்த பணி அதில் இடம்பெற்றது. 1719இல் சீகன்பால்கு இறந்துவிட்டார். அவருடைய தோழர் கிரண்ட்லர் தரங்கம்பாடியிலிருந்து மறுமொழி அனுப்பினார். இந்த மடல்களை மேதர் 1721இல் பாஸ்டனில் நூலாகவே அச்சிட்டார். அதன் பெயர் ‘இந்தியா கிறிஸ்தியானா’. அமெரிக்கக் குடியேற்றக் கால நூல்களில் தமிழ் மண் இவ்வளவு நேரடியாக வரும் இடம் வேறு எளிதில் கிடைக்காது. போதகர்கள் கடல்கடந்து பேசிக்கொண்டார்கள். காக்கனோவோ வோவாவுஸோ அழகப்பனோ ஒருவரையொருவர் அறிய வழி இருக்கவில்லை.

மாசச்சூசெட் மொழியில் எழுதப் படிக்கக் கற்ற குடும்பங்கள் மதநூலோடு நிற்கவில்லை. மார்த்தாஸ் வினியார்டிலும் நேட்டிக்கிலும் நிலப்பத்திரம், உயில், மனு, ஊர்க்கணக்கு எல்லாம் அந்த மொழியில் எழுதினார்கள். தங்கள் விவிலியப் படிகளின் ஓரங்களில் பெயரையும் பிறந்தநாளையும் மனவருத்தத்தையும் எழுதிவைத்தார்கள். ஐவ்ஸ் கோடார்டும் கேத்லீன் பிராக்டனும் இந்த எழுத்துகளைத் திரட்டி 1988இல் பதிப்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேச்சு நின்றுபோன அந்த மொழியை, மாஷ்பீ வாம்பனோவாக் இனத்து ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்டு 1993இல் மீட்கத் தொடங்கினார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மொழியியலாளர் கென்னத் ஹேலிடம் படித்து, அந்த ஆவணங்களையும் எலியட் விவிலியத்தையும் வைத்து இலக்கணமும் அகராதியும் உருவாக்கினார். அவருடைய மகள் அந்த மொழியைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தாள். நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அப்படி வளர்ந்த முதல் குழந்தை அவள். மதம் மாற்ற அச்சிட்ட நூலிலிருந்து ஒரு மக்கள் தங்கள் மொழியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஹாசனமெசிட்டில் சில ஏக்கர் நிலம் இன்றுவரை நிப்மக்குகளின் கையை விட்டுப் போகவில்லை.

ஜேம்ஸ் பிரிண்டர் பிறர் எழுதியதைக் கோத்தார். மடல்களைப் பிறருக்காக எழுதினார். தன் வாழ்க்கையைத் தன் பெயரில் எழுதும் பூர்வகுடி எழுத்தாளர் அடுத்த நூற்றாண்டில் வருகிறார். 1723இல் கனெக்டிகட்டில் மொஹீகன் குடும்பத்தில் பிறந்த சாம்சன் ஆக்கம், 1768இல் தன் வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதினார். அது 1982 வரை அச்சேறவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளின் கல்விக்கென்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து அவர் திரட்டிய ஏறக்குறைய 12,000 பவுன், டார்ட்மத் கல்லூரியைக் கட்டப் போனது. அதை எதிர்த்து ஆக்கம் எழுதிய மடல்களும், 1772இல் நியூ ஹேவனில் ஒரு தூக்குத்தண்டனையின்போது நிகழ்த்தி அச்சான அவருடைய பிரசங்கமும், அவருக்கு எழுதிய ஆப்பிரிக்கக் கவிஞர் ஃபில்லிஸ் வீட்லியும் அடுத்த பகுதியில்.